ஏழாம் வார்டின் இரண்டாம் எண் கோரிக்கை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. மாட்டுத் தீவனம் சொல்ல வேண்டும். முட்டித் தைலம் தீர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்குப் பேரூராட்சி ஆபீசிலிருந்து போன். செயல் அலுவலர். (இனிமேல் செ.அ. என்றுதான் எழுதுவேன். ஒவ்வொரு முறையும் முழுசாக எழுதக் கை ஒத்துழைக்காது.) எம்.எல்.ஏ. கடிதம் அனுப்பியிருக்கிறாராம். ஊருக்கு அவசரமாக வேண்டியதை, எது முதல் எது பிறகு என்று வரிசை போட்டுக் கொடுங்கள், அரசாங்கத்திடம் எடுத்துக்கொண்டு போய் வாதாடுகிறேன் என்று. பத்துதான். பதினொன்று கிடையாது. எங்கள் ஊரில் வார்டு பதினைந்து.

"வெள்ளிக்கிழமை கூட்டம்மா. உங்க வார்டுக்கு ஒண்ணு யோசிச்சு வைங்க. ஒண்ணே ஒண்ணு."

யோசிக்க என்ன இருக்கிறது. கவுன்சிலர் ஆன நாளிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்.

கூட்டத்தில் பேச இப்போதே எழுதி வைக்கிறேன். போன தடவை எழுந்து நின்றதும் பாதி மறந்துவிட்டது.

— ஏழாம் வார்டில் பாதி லைன் வீடுகள். ஒரே ஓடு, வரிசையாக அறை. அதில் இருப்பது தெற்கத்திப் பெண்கள். கம்பெனி வேலை.
— காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்து பத்துக்கு. அங்கன்வாடி திறப்பது ஒன்பதுக்கு.
— மதிய ஷிப்டு போனவள் வீடு திரும்பப் பத்தே முக்கால். அங்கன்வாடி பூட்டுவது மூன்றரைக்கு.
— நடுவில் பிள்ளை யாரிடம்?
— ஆகவே அங்கன்வாடியை விடியற்காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை திறக்க வேண்டும். இன்னும் இரண்டு ஆள் போட வேண்டும். கட்டடம் இருக்கிறது. நல்ல கட்டடம். ஒரு செங்கல்கூட வேண்டாம்.

கடைசி வரி நன்றாக வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் தலை காட்டியது. எல்லாப் போர்வையையும் காயப் போட்டேன்.

இசக்கி வந்தாள். எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிய லைன் வீட்டில், பின் வரிசையில் மூன்றாவது அறை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் கன்டெய்னர் லாரி, மாசத்துக்கு ஒரு முறை முகம் காட்டுவான். பிள்ளை பவித்ரா, இரண்டரை வயது. எல்லோருக்கும் பவி. கையில் எது கிடைத்தாலும் காதில் வைத்து "அல்லோ" என்பாள். நேற்று என் தோசைக்கரண்டி.

அங்கன்வாடி இல்லாத நேரத்தில் பவியைப் பார்த்துக்கொள்வது பக்கத்து அறை ராதா. அவளுக்கு ஏழு மாதம். அடுத்த வாரம் குருபரப்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாள், பிரசவத்துக்கு.

"ராதாக்கா போயிட்டான்னா நான் என்ன செய்ய ஆச்சி? ஊருக்கு அனுப்பிர வேண்டியதுதான். எங்கம்மா பாத்துக்கிடுவா."

"அனுப்பேன். ஆறு மாசம் தானே."

"ஒங்களுக்குத் தெரியாது. மொத அறை சுமதி அப்பிடித்தான் அனுப்புனா. பொங்கலுக்குப் போனா, அது அவ அம்மாவ அம்மாங்குது. இவளப் பாத்து 'இந்த அத்த யாரு'ன்னு கேட்டுச்சாம். சுமதி பஸ்சுல வரும்போது பூராவும் அழுதுட்டே வந்தா."

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "நான் கவுன்சிலரு, சும்மாவா? பத்துல ஒண்ணா ஏத்தறன் பாரு. பவி எங்கயும் போவ மாட்டா" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லும்போது நிஜமாகவே முடியும் என்றுதான் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

கூட்டம். நீலச் சேலை. பத்து மணி என்று போட்டுப் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. டீ, இரண்டு பிஸ்கட்.

பெண் உறுப்பினர்கள் எட்டுப் பேர். அதில் நான்கு பேருக்குப் பதில் புருஷன்மார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. மகன் வருகிறேன் என்றான். நீ மாட்டைப் பார் என்றேன்.

தலைவர் ஒன்றாம் எண்ணில் பஸ் ஸ்டாண்டு என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். அதில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டிலிருந்துதான் சண்டை. ஏரிக்கரை, சாக்கடை, சமுதாயக் கூடம், கோபுர விளக்கு. நாலாம் வார்டு முனிராஜ் சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கேட்டான்.

"செத்தவங்க எழுந்து ஓடிடுவாங்கன்னா சுவரு?" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"உள்ள இருக்கறவங்களுக்கு இல்லண்ணா. வெளிய இருந்து ஒவ்வொரு கம்பெனிக்காரனும் குப்பைய கொட்டறான். எங்கப்பன் தலைமாட்டுல தர்மாகோலு."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் வார்டுப் புருஷன் கோபுர விளக்கு கேட்டார். தலைவருக்கே பொறுக்கவில்லை. "உங்க மூலையில ஏற்கனவே ரெண்டு நிக்குது. மூணாவது என்னாத்துக்கு, சூரியனுக்கு வழி காட்டவா?"

என் முறை. எழுதி வைத்ததைப் பார்க்காமலே சொன்னேன். சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "புள்ளைய பாத்துக்கறது பேரூராட்சி வேலையாக்கா?"

"ஸ்டாண்டுல நிக்கிற பஸ்ஸ பாத்துக்கறது நம்ம வேலைன்னா, வீட்ல ஒத்தையா நிக்கிற புள்ளைய பாத்துக்கறதும் நம்ம வேலைதான்."

தலைவர் பேனா மூடியைக் கடித்தார். பிறகு, "அக்கா சொல்றதுலயும் நாயம் இருக்குது. அந்தக் கம்பெனிங்க இருக்கறதாலதான் இந்த ஊருக்கு வரியே வருது. ரெண்டாம் நம்பர் போடுங்க சார்" என்றார்.

இரண்டாம் நம்பர்! முனிராஜின் சுடுகாட்டுச் சுவர் ஆறாம் நம்பர்.

செ.அ. மட்டும் தொண்டையைச் செருமினார். எம்.எல்.ஏ. அனுப்பிய படிவத்தில் மூன்று கட்டம்தானாம். வேலையின் பெயர், இடம், மதிப்பீடு. "நேரத்துக்கு எஸ்டிமேட் போட முடியாதும்மா. திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்."

வரும்போது ஒரு கிலோ மாம்பழம். கடைசிக் காலப் பழம், புழு இருக்கும். இருக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

பேத்தி நந்தினி கிருஷ்ணகிரி ஹாஸ்டலிலிருந்து வந்தாள். இரண்டாம் வருஷம், வகுப்பில் முதல். ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். இரண்டு உருண்டை சாப்பிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை, தோள் எலும்பு தெரிகிறது.

கூட்டத்தில் நான் பேசியதைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தாள். "அவ்வா, நீ எங்க பிரின்சிபாலா இருக்கலாம்." மாடு கறக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் கொடுத்த படிவத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இதுல எல்லாமே கட்டறதுக்குத்தான் இருக்குது. நீ கேக்கறது கட்டறது இல்லயே."

"செ.அ. பாத்துக்குவாரு. படிச்சவரு."

ஜூலை 14, திங்கள்

ஆபீஸ். செ.அ. நாற்காலி போடச் சொன்னார். மரியாதையான மனுஷன், அதைக் குறை சொல்ல முடியாது.

அவர் சொன்னது: நேரம் என்று எழுதினால் படிவமே திரும்பிவிடும். புது அங்கன்வாடிக் கட்டடம் என்று எழுதுவோம். மதிப்பீடு போடலாம். "மொதல்ல பஸ்ல ஏறிடுவோம்மா. ஏறினப்புறம் சீட்டு கேட்டுக்கலாம். கட்டடம் வந்துச்சுன்னா, நேரத்த கூட்டுங்கன்னு எம்.எல்.ஏ. வாயாலயே சொல்ல வெக்கலாம்."

கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அதுதான் சிக்கலாம். நல்ல கட்டடம் இருக்கிற இடத்தில் புதுசு தர மாட்டார்கள். பழையது பழுது என்று வார்டு உறுப்பினர் கடிதம் வேண்டும்.

தலைவர் உள்ளே வந்தார். "எல்லாரும் இப்படித்தான்க்கா. பஸ் ஸ்டாண்டே இடியற நிலைன்னுதான் போட்டிருக்கோம்."

"நமக்குத்தான் பஸ் ஸ்டாண்டே இல்லையே?"

"நிழற்குடை இருக்குதில்ல. அத போட்டோம்."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான்.

செ.அ. சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன். 'கட்டடம் மிகவும் பழுதடைந்து, சுவர்களில் விரிசல் ஏற்பட்டு, எந்நேரமும் இடிந்து விழும் அபாய நிலையில் உள்ளது.' ஒரு பிழை இல்லை. செ.அ. வாங்கிப் பார்த்து, "கிளார்க்கு எழுத்த விட நல்லா இருக்கும்மா" என்றார். முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து, கீழே முத்திரை.

விரிசல் ஒன்று இருக்கிறதுதான். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே, தலைமுடி கனத்துக்கு. பொங்கலுக்கு நான்தான் நின்று வெள்ளையடிக்க வைத்தேன்.

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 18, ஆடி வெள்ளி

காற்று. வாசலில் கோலம் நிற்கவில்லை, மாவு பறக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ். வரிசையில் நிற்கும்போதே செ.அ. போனில் பட்டியலை அனுப்பிவிட்டார், டைப் அடித்து, முத்திரையோடு.

1. பேருந்து நிலையம்.
2. வார்டு 7, அங்கன்வாடி மையம், புதிய கட்டடம்.

அதற்குக் கீழே எட்டு. நான் பார்க்கவில்லை.

இசக்கியிடம் காட்டினேன். அவள் இரண்டாம் வரியை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். "எப்ப ஆச்சி தொறப்பாவ?"

"ஏறிட்டோம். இனிமே சீட்டுதான்."

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கேசரி கிண்டி லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். பவி கேசரி முந்திரியைக் காதில் வைத்து "அல்லோ".

ராதா மத்தியானம் கிளம்பினாள். மஞ்சள் குங்குமம், ரவிக்கைத் துணி, இரண்டு முழம் பூ. இன்னும் கொஞ்ச நாள்தான், சமாளித்துவிடலாம் என்று இசக்கியிடம் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலை ஒன்பதரை. மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அங்கன்வாடி டீச்சர் சரோஜா ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"பூட்டிட்டாங்கம்மா."

போனேன். கதவில் புதுப் பூட்டு. சிவப்பு எழுத்தில் தாள்: அபாயம், உள்ளே நுழையக் கூடாது. பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பருப்பு ஊற வைத்தது அப்படியே இருக்கிறதாம்.

மழைக்காலத்துக்கு முன்னால் அபாயக் கட்டடம் எதுவும் திறந்திருக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு. எங்கேயிருந்தெல்லாம் அபாயம் என்று எழுத்து வந்ததோ, எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டுகிறார்கள். பிள்ளைகளைப் பதினோராம் வார்டு மையத்தில் சேர்க்க வேண்டும். அது ஹைவேக்கு அந்தப் பக்கம்.

"நல்ல கட்டடத்த அபாயம்னு எவனோ எழுதிக் குடுத்திருக்காம்மா. அவன் கை வெளங்குமா?" என்று சரோஜா மண்ணை வாரித் தூற்றினாள்.

நான் பக்கத்தில் நின்றேன்.

ஜூலை 23, புதன்

சாப்பிடவில்லை. காலையில் காபி மட்டும்.

விடிந்ததும் சரோஜா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், நான்தான் என்று. அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுவதை நிறுத்தவில்லை. கூட்டி முடித்துவிட்டு, "உள்ள வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்று பார்த்தவர்கள், சொன்னது:

செ.அ. — "கடிதத்த நீங்க வாபஸ் வாங்கலாம்மா. ஆனா அபாயம்னு எழுதினத அபாயம் இல்லன்னு எழுதினா, நாளைக்கு ஒரு ஓடு விழுந்தாலும் உங்க மேலதான் கேஸ்."

தலைவர் — "வாபஸ் வாங்கினா பட்டியல்ல ரெண்டாம் நம்பர் போயிடும்க்கா. பத்தையும் திரும்பத் தீர்மானம் போடணும். கூட்டம் கூட்டினா திரும்ப அடிச்சிக்குவாங்க. கொஞ்சம் பொறுங்க."

அங்கன்வாடி மேற்பார்வை அம்மா — "பூட்டறதுதான் எங்க வேலை. தொறக்கறது இன்ஜினியர் சர்டிபிகேட்."

இன்ஜினியர் ஆபீஸ் — இன்ஜினியர் லீவு.

எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் டீ கொடுத்தார்கள். ஒரு நாளில் ஐந்து டீ. நெஞ்செரிச்சல்.

ஜூலை 24, வியாழன்

என் வீட்டில் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய. நான்கு பிள்ளைகள்: பவி, சுமதியின் இரண்டாவது, கைக்குழந்தை, கடைசி அறை இரட்டையர். மற்றவர்களைத் தாய்மார் எப்படியோ பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள். ஒருத்தி கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். நான் கேட்டதற்கு, "டி.வி. போட்டு வச்சிட்டுதான் போறன் அவ்வா" என்றாள்.

ஐந்து மணிக்கே பவி தூக்கத்தோடு என் தோளுக்கு மாறுகிறாள். எச்சில் வழிகிறது. கனமாக இருக்கிறாள், நல்ல கனம்.

இரட்டையரில் ஒருவன் கன்றுக்குட்டிக்குப் பற்பசை ஊட்டினான்.

முட்டி.

ஜூலை 26, சனி

மகனுக்கு முகம் சரியில்லை. "உன் வயசுக்கு இது தேவையா? எத்தன நாளைக்கு?" என்றான். எத்தனை நாளைக்கு என்று எனக்கு மட்டும் தெரியுமா.

தைலம் மகனே வாங்கி வந்து வைத்திருக்கிறான்.

ஜூலை 29, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் இரண்டரை. தலைவர் போன். வியாழக்கிழமை எம்.எல்.ஏ.விடம் பட்டியலைக் கொடுக்கப் போகிறோம், நீங்களும் வந்து இரண்டாம் நம்பருக்காகப் பேசுங்கள் என்று. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வாசல் படியில் நின்று பேசினேன். நேரத்தைப் பற்றியும் சொல்லணும், பூட்டைப் பற்றியும் சொல்லணும் என்று நானே நீட்டி நீட்டிப் பேசினேன். வாசல் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டேனா இல்லையா.

திரும்பி வந்தால் மூன்று பேர். பவி இல்லை.

மாட்டுக்கொட்டகை. தண்ணீர்த் தொட்டி. கிணற்று மூடி. லைன் வீடுகள். ஒவ்வொரு அறையாகத் தட்டினேன், பாதி பூட்டு.

ஹைவே சர்வீஸ் ரோட்டுப் பஞ்சர் கடைக்காரர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காலில் கிரீஸ். "லாரிய பாத்து 'அப்பா அப்பா'ன்னு கைய ஆட்டிக்கினு நின்னிச்சும்மா. ரோட்டுக்கு ரெண்டு அடி. நான் பாக்கலன்னா..."

இசக்கி மூன்றே காலுக்கு வந்தாள். நானே சொன்னேன், மறைக்கவில்லை. அவள் பவியின் காலிலிருந்த கிரீசை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள், கறை போன பிறகும்.

"பரவாயில்ல ஆச்சி. ஒங்களால என்ன செய்ய முடியும்" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

எம்.எல்.ஏ. ஆபீஸ். வாசலில் எண்பது செருப்பாவது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பட்டியலோடு வந்திருக்கிறார்கள். எல்லார் பட்டியலிலும் பஸ் ஸ்டாண்டு ஒன்றாம் நம்பர்.

எங்கள் முறை வர மத்தியானம் ஒன்றரை ஆகிவிட்டது. எம்.எல்.ஏ. சட்டைக் காலர் நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாங்கம்மா" என்றார். சொன்னேன். கட்டடம் வேண்டாம், பூட்டைத் திறந்து நேரத்தைக் கூட்டுங்கள், அது போதும் என்றேன். தலைவர் என் முந்தானையை இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

அவர் முழுசாகக் கேட்டார். அதைச் சொல்ல வேண்டும்.

"அம்மா, கட்டடம்னா நான் கேட்டு வாங்கலாம். நேரம்ங்கறது பாலிசி. உங்க வார்டுக்குக் கூட்டினா மாநிலம் பூரா கூட்டணும். அத நான் சட்டசபையிலதான் பேசணும்."

"பேசுங்களேன் சாமி."

"போன தடவ கைய தூக்கிக்கினே உக்காந்திருந்தன்மா. என் முறை வரங்குள்ள மணி அடிச்சிட்டாங்க." சிரிக்கவில்லை அவர். "எழுதிக் குடுக்கறன். ஆனா நம்பிக்கையா எதுவும் சொல்ல மாட்டன்."

எனக்கு மேலே தலைவர், தலைவருக்கு மேலே இவர். இவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

சால்வை போட்டு போட்டோ. நானும் நிற்கிறேன் அதில். கண் மூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கட்டவில்லை. நந்தினிக்குப் பரீட்சை, வரவில்லை. நல்லது.

இசக்கி ஊருக்குப் போன் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "சனிக்கெழம வாம்மா. பழைய சேல ரெண்டு கொண்டா, அதுக்கு ஒன் வாசன பழகட்டும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பட்டியலில் மூன்றை எடுத்துக்கொண்டார்களாம். ஒன்று, நான்கு, ஆறு. பஸ் ஸ்டாண்டு, ஏரிக்கரை, சுடுகாட்டுச் சுவர். இரண்டாம் நம்பருக்கு நேராக 'அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்'.

செ.அ. போனில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். பூட்டு? அது தனி விஷயமாம். பட்டியலில் வந்தாலும் வராவிட்டாலும் அபாயம் அபாயம்தானாம்.

சாயந்திரம் முனிராஜ் வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றான்.

"சுவரு வருதுன்னு சந்தோஷப்படறதா, உன் மூஞ்சிய பாக்கறதா, தெரியல அக்கா. சத்தியமா நான் யாரையும் பாக்கல, கேக்கல."

"தெரியும்டா. உங்கப்பாவாவது நிம்மதியா இருக்கட்டும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். பழம் நல்ல பழம். பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

இசக்கியின் அம்மா காலையில் வந்து இறங்கினாள். என்னைவிட வயது குறைவுதான், ஒல்லி, தீப்பெட்டி ஆபீஸ் வேலை பார்த்த கை. பவி அவளிடம் போகவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டது.

இசக்கிக்கு மதிய ஷிப்டு. லீவு கேட்டாளாம், இந்த மாதம் ஏற்கனவே இரண்டு எடுத்தாயிற்றாம். பன்னிரண்டரைக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். பருப்பு, நெய். கடைசி வாயைப் பவி வாங்கவில்லை, அதை அவளே சாப்பிட்டாள். யூனிபார்ம் மாட்டிக்கொண்டு என் அடுப்படிக்கு வந்தாள்.

"பஸ்சு ஏறும்போது நான் நின்னா அது விடாது ஆச்சி. நீங்க கொண்டுபோய் ஏத்தி விட்டுருங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா எனக்கு."

ஐந்தரைக்கு ஓசூரில் பஸ். மகன் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். பவிக்கு ஜன்னல் ஓரம். கையில் என் பழைய டி.வி. ரிமோட், கேட்டாள் என்று கொடுத்துவிட்டேன். பஸ் கிளம்பும்போது அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இசக்கியும் பின்னால் வருகிறாள் என்று நினைத்திருக்கிறது. கையை ஆட்டிக் காட்டச் சொன்னேன், ஆட்டியது.

வந்து படுத்தேன். ஒன்றும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

பத்து மணிக்கு இன்ஜினியர் வந்திருக்கிறார், வார்டு உறுப்பினர் கூட இருக்க வேண்டும் என்று ஆள் வந்தது. ஓடினேன். திறக்கத்தான் வந்திருக்கிறாரோ என்று. வழியில் சரோஜாவைக்கூடக் கூப்பிட்டேன், அவள் வரவில்லை.

சின்ன வயசுப் பையன்தான் இன்ஜினியர். இரும்புக் கம்பியால் சுவரை ஓங்கி இரண்டு குத்து குத்தினார். கம்பி எகிறியது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். பின்பக்கம் போய் விரிசலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னும் முப்பது வருஷம் நிக்கும்மா இது. யாரு இத அபாயம்னு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அப்ப தொறந்துடலாமா சார்?"

"நான் தொறக்க வரலம்மா. இடிக்கறதுக்கு அளவெடுக்க அனுப்பியிருக்காங்க. உத்தரவு வந்துடுச்சி. நல்லா இருக்குதுன்னு நான் எழுதலாம், ஆனா எனக்கு மேல அபாயம்னு கையெழுத்து ஆயிருக்குது." கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். கூட வந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தான்.

"அம்மா, இந்த முனைய கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? சுவரோட ஒட்டி."

பிடித்தேன். அவர் பின்னாலேயே நடந்து போய் அந்த மூலையில் நின்றார்.

"இழுத்துப் பிடிங்கம்மா. தொங்குது."

இழுத்துப் பிடித்தேன். இருபத்திரண்டு அடி.